பாப்பம்மா சிப்பிக்குக் குளிக்க வார்த்த வெள்ளிக்கிழமை

கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், கண்டிக்குப் பக்கத்து ஆய்வுக்கூடமொன்றில் சிப்பி வளர்க்கிறாள் பாப்பம்மா. ஐம்பத்திரண்டு வயதுக்குள் கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கடல் கரைப்பாள்! லீட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "ம், கடல் ரெடி" என்பாள்.

தொட்டிகள் இரண்டு. ஒன்றில் வெளிக்கடல் சிப்பிகளின் பிள்ளைகள், மற்றதில் கடலோர உப்பங்கழியான களப்பில் வாழும் சிப்பிகளின் பிள்ளைகள். எல்லாமே இங்கே பிறந்து, பாப்பம்மாவின் உப்புத்தண்ணீரிலேயே வளர்ந்தவை.

ஆராய்ச்சி செய்யும் அனுஷியா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மாத முடிவில் திருகோணமலைக்குச் சிப்பி எடுக்கப் போகும் வேனில் பாப்பம்மாவுக்கும் ஓர் இடம் என்று சொல்லியிருந்தார். "ஒண்டும் சாகாமல் பாருங்கோ அக்கா. செத்தால் வேன் இல்லை."

அந்த ஆசையில்தான் எல்லாம் நடந்தது. வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு வந்தவளுக்குச் சிப்பிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நல்ல நாளும் அதுவுமா நான் மட்டும் குளிச்சாப் போதுமாடி?" என்று இரண்டு தொட்டியிலும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றினாள்.

பத்து மணிக்கு அனுஷியா மிஸ் வந்து உப்பு மீட்டரைத் தொட்டியில் விட்டார். முப்பத்தைந்து காட்டவேண்டிய மீட்டர் பதினேழு காட்டியது.

"அக்கா, என்ன செய்து போட்டியள்?"

"குளிக்க வாத்தேன் மிஸ். இன்னைக்கு வெள்ளிக்கெழமல்ல?"

பாப்பம்மாவின் கண்முன்னே வேன் அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டது. ஆனால் தொட்டிகளுக்கு மேல் குனிந்த மிஸ் நிமிரவேயில்லை. கடல் பிள்ளைகள் கோபித்துக்கொண்ட மருமகள்களாக வாயை இறுக்கிக் கிடந்தன. களப்புப் பிள்ளைகளோ வாயைத் திறந்து சந்தோஷமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"மழைக்குக் களப்பில உப்புக் குறையும் அக்கா. தாங்காததுகள் குஞ்சு விடாமலே செத்துப்போகும். தாங்கினதுகளின்ர பரம்பரைதான் இதுகள். களப்பையே காணாததுகளுக்கும் அந்தக் குணம் மரபணுவில வந்திருக்குப் போல! திரும்பவும் செய்து பாக்கவேணும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் மிஸ். எங்கம்மாவுக்கும் வாய் மூடாது, எனக்கும் மூடாது."

உப்பைக் கரைத்து மெல்ல மெல்ல ஊற்ற, பொழுது சாய்வதற்குள் கடல் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. பாப்பம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் மிஸ். வேன்!"

"ஓம் ஓம், வாங்கோ. பீப்பாயைத் தொடாமல் வாங்கோ!"

மாத முடிவில், வேன் நிற்கும் முன்பே இறங்கியவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அலை முழங்காலில் மோதியது. வீலென்று கத்தினாள், சிரித்தாள், பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள்.

"மிஸ், ஒரு சிட்டிகை உப்புப் பத்தல!"

"கடலுக்கே குறை சொல்லுறியளோ?" என்று மீட்டரை நனைத்தார் அனுஷியா மிஸ்.

முப்பத்துநான்கு.