நாற்பது டிகிரியில் ஒரு குமிழி

லா பிளாட்டா நகர ஆய்வகத்தில் அளவெடுக்கும் வேலை ஒஃபேலியா பஸ்ஸானிக்கு. மெல்லிய பிளாஸ்டிக் தாளில், மயிரிழையைவிட ஆயிரம் மடங்கு நுண்ணிய ஒரே ஒரு துளை. அதன் உட்சுவரெங்கும் பாலிமர் பூச்சு. குளிர்ந்த நீரில் அது உப்பி வழியை அடைக்கும். முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் சுருங்கி வழிவிடும். உப்புநீரின் அயனிகள் கடக்க, மின்னோட்டம் ஏறும்.

அந்த மார்ச்சில் சூடேற்றியபோது மின்னோட்டம் இறங்கியது. மூன்று தடவை அளந்தும் அப்படியே.

"யாருமே பாக்காததப் பாத்துட்டோம், ஒஃபேலியா!" என்று துள்ளினார் குழுத்தலைவர் லிசாந்த்ரோ. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியும் விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, வேறொரு சோதனைக்காக, தாளைப் பொருத்தும் உப்புநீர்க் கண்ணாடிக் கலத்தைச் சூடாக்கினாள். நாற்பது டிகிரியில் கண்ணாடிச் சுவரில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டியிருந்தன. நீரில் கரைந்திருந்த காற்று. அன்று துளையின் வாயை அடைத்ததும் இப்படியொரு குமிழிதானோ?

யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. முன்பு பிழையைச் சுட்டிய ஒருவரைக் கிடங்குக்குத் தள்ளியதைப் பார்த்திருந்தாள். மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டிய சக ஊழியர் துலியோ, அவள் முகத்தைக் கண்டு, "என்ன, பேயக் கண்டியா? இல்ல, பழைய புருஷன வழியில பாத்தியா?" என்றார். சிரிக்க முயன்றாள், சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள், நீரைக் கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றி, மூடி ஆறவிட்டு, மறுபடி அளந்தாள். முப்பத்திரண்டைத் தாண்டியதும் மின்னோட்டக் கோடு மேலே ஏறியது. சரியான விடை. கட்டுரையில் இருந்தது குமிழியின் வேலை.

அளவீடு அச்சிட்ட காகிதத்துடன் போய் லிசாந்த்ரோவிடம் சொன்னாள். அவர் அதை வாங்கிக் கோட்டை விரலால் தொடர்ந்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்று நினைத்தாள்.

"உக்காருங்க. கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறோம்னு எழுதணும். தப்பக் கண்டுபிடிச்சது நீங்கன்னும் போடுறேன்." அவர் பேனாவை எடுத்தார். "ஊரே சிரிக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவ்வாண்டு குழுவுக்கு நிதி வரவில்லை. ஒஃபேலியாவின் ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மட்டும் நீட்டினார்கள். அடுத்த பிளாஸ்டிக் தாளில் கோடு ஒழுங்காக ஏறியபோதும் அவள் நம்பவில்லை. ஐந்து முறை அளந்தாள்.