லண்டன் இல்லாத ஐரோப்பா

ஞாயிற்றுக்கிழமை மதியம், லண்டன் மோர்டனில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து என் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"தம்பி, என்ர மணவறை இஞ்ச மேடையில நிக்குது. நான் கொண்டந்து பூட்டேல்லை."

"உங்க ஆளுங்க யாராவது..."

"உமக்கென்ன விசரே? என்ர சாமான் என்ர வானுக்குள்ள கிடக்கு. நான் இஞ்ச சாப்பிட வந்தனான். ஆரோ பாத்துச் செய்திருக்கிறான். உம்மட பேப்பர் இருக்குத்தானே, வெருட்டி ஒரு கடிதம் போடும்."

"போடறேண்ணே" என்றேன்.

அவர் பாரிஸில் பல வருடம் தச்சு வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு லண்டனுக்கு வந்தவர். ரெய்னர்ஸ் லேன் பக்கம் மணவறை வாடகைக்கு விடுகிறார். தாமரை இதழ்போல் மடிந்து விரியும் தூண்களை அவரே யோசித்து, மகளின் கல்யாணத்துக்காக முதலில் செய்தார். ஒரே ஆள் அரைமணி நேரத்தில் நிறுத்திவிடலாம். கல்யாணம் முடிந்து பதினைந்தாம் நாள், அந்த வடிவத்தை வேறு யாரும் செய்யாதபடி பதிவு செய்யவேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பம் தயாரிப்பதுதான் என் வேலை.

"யூரோப் முழுக்கப் போடும்" என்றார். ஜெனீவாவுக்கு ஒரே விண்ணப்பம் அனுப்பிப் பல நாடுகளில் பதிவு கேட்கலாம். எங்கெங்கே என்று கட்டங்களில் குறிக்கவேண்டும். விளக்கினேன். சரிதானே என்று அவர் கேட்டதற்கெல்லாம் ஆமா என்றேன்.

"இந்தியாக்காரர் எல்லாத்துக்கும் ஆமா ஆமா எண்டு தலையாட்டுவியள். விளங்கினதோ?" என்று சிரித்துக்கொண்டே, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். "நீர் படிச்ச பிள்ளை, நான் என்னத்தைப் பாக்கிறது."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எட்டாம் வகுப்பிலிருந்து ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, பக்கத்து வீட்டு மின் இணைப்பு என்று எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். நிரப்பியதை யாரும் சரிபார்த்ததில்லை. பார்க்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. நானும் திரும்பப் படித்துப் பழகவில்லை.

திங்கள் காலை கோப்பைத் திறந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான கட்டத்தில் குறியிருந்தது. பிரிட்டனுக்கான கட்டம் காலியாக இருந்தது. நான் பார்த்து எழுதிய பழைய விண்ணப்பம், பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தது. அப்போது அந்த ஒரு குறியே லண்டனுக்கும் போதும். பிரிட்டன் வெளியேறியது எனக்குத் தெரியாதா? எனக்கு விசா கொடுத்ததே அந்த நாடுதானே. ஆனாலும் பார்த்து எழுதினேன். ஜெனீவாவிலிருந்து சான்றிதழ் வந்தபோது அதிலும் நாடுகளின் பட்டியல் இருந்தது. பதிவு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கோப்புக்குள் வைத்துவிட்டேன்.

சொந்தத் தயாரிப்பை முதலில் வெளியே காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிரிட்டனில் விண்ணப்பித்துவிட வேண்டும். அவருக்கு அந்த நாள் மகளின் கல்யாணம். வீடியோவை ஊரே பார்த்திருந்தது. பதிவு ஜெனீவாவின் இதழில் வெளியாகும்போது ஒருமுறை சரிபார்ப்பது எங்கள் அலுவலக வழக்கம். முன்பு ஆறு மாதத்தில் வெளியாகும். விதி மாறி இப்போது பன்னிரண்டு மாதம். சென்ற வாரம்தான் வெளியாகியிருந்தது. பழைய விதியாக இருந்தால் அப்போதே தப்பைக் கண்டுபிடித்து நேராக இங்கே விண்ணப்பித்திருக்கலாம். ஓராண்டு முடிந்து பதினைந்து நாளுக்குப் பிறகு வெளியானது. விதியைத் திட்டிப் பார்த்தேன். கட்டத்தை விட்டது விதி இல்லை.

என் மேலாளரிடம் சொன்னேன். "இப்போதும் விண்ணப்பிக்கலாம். புதியதா என்று இங்கே சோதிக்க மாட்டார்கள், சான்றிதழ் வந்துவிடும்" என்றார். பிறகு அவரே, "எதிராளி கல்யாண வீடியோவைக் காட்டினால் விழுந்துவிடும். வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு" என்றார். பதிவில்லாத உரிமை என்று ஒன்றும் உண்டு. அதற்கு மோர்டன்காரர் இவருடையதைப் பார்த்துத்தான் செய்தார் என்று நிரூபிக்கவேண்டும்; அது எளிதில்லை.

மறுநாள் அவருடைய பட்டறைக்குப் போனேன். தூண் ஒன்றுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பரிஸ் இருக்கு?"

"இருக்குண்ணே."

"பெர்லின்?"

"அதுவும் இருக்கு."

"லண்டன் இல்லை. நான் யாவாரம் செய்யிற இடம் மட்டும் இல்லை."

தூணைத் திருப்பி வைத்துவிட்டு அவரே கேட்டார்: "இப்ப அந்தப் பேப்பரை எடுத்தா அவனை நிப்பாட்டேலுமோ?"

"நிக்காதுண்ணே. உங்ககிட்ட பேப்பர் இருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப என்னத்துக்கு? சுவரில கொழுவவோ?"

உப்புத்தாளைத் தட்டிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "இனிமேல் ஒண்டு செய்தா வேற ஆளிட்டக் குடுக்கிறன் தம்பி. குறை நினையாதையும்" என்றார்.

அலுவலகம் திரும்பி, வாடிக்கையாளர் பிரிட்டனில் பதிவு செய்ய விரும்பவில்லை என்று கோப்பில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு, என் தவறால் அவருக்கு இந்த நாட்டில் உரிமை இல்லாமல் போனது என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.