பைப் புதைத்த இடம்

பரமத்தி வேலூர்ப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய வெற்றிலைத் தோட்டத்தில் இருக்கிறது சாரதாமணியின் வீடு. அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் கழிவறைக்கு ஆழமான குழி சரிப்படாது என்றார் கொத்தனார். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் பரவி இறங்கும்படி, வீட்டுக்குப் பின்னால் ஓட்டை போட்ட பைப்புகளைப் பதித்து, ஜல்லி கொட்டி, மேலே மண் மூடினார்.

"இதும்மேல வண்டி ஏத்தாதீங்க, மரம் வெக்காதீங்க. பைப்பு ஒடைஞ்சா ஊடே நாறிப்போயிருமுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். காதில் வாங்கியது சாரதாமணி மட்டும்தான்.

அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. சுற்றிலும் அவ்வளவு நிலம் கிடக்க, எல்லோர் கண்ணும் அந்த இடத்தின் மேல்தான். மேடுபள்ளம் இல்லாமல், கோடையிலும் ஈரம் காயாமல் இருந்தால் ஆசை வராதா? பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் கமலவேணி அங்கே முருங்கைக் கொம்பை ஊன்றினாள். சாரதாமணி பிடுங்கிப் போட்டாள். அடுத்து கமலவேணி முள்ளங்கி விதைத்தாள்.

"ஏனுங்க அண்ணி, இந்த மண்ணுல வெளைஞ்சத நீங்க திம்பீங்களா?"

"நான் எதுக்குத் திங்கறேன்? சந்தைக்குப் போடத்தான்."

சாரதாமணி தலையில் அடித்துக்கொண்டு அதையும் கிளறி எறிந்தாள். அதன்பிறகு கொஞ்ச நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கணவர் தண்டாயுதபாணி அக்காவையும் மிஞ்சினார். ஆட்டுக் கொட்டகை கட்ட எம்-சாண்ட் சொல்லியிருந்தார். சாரதாமணி ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் டிப்பர் வந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது டிப்பரின் பின்சக்கரம் பைப் புதைத்த இடத்தில் பாதி இறங்கிக் கிடந்தது. தண்டாயுதபாணி அதன் அடியில் கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனேங்க!"

"ஒரு தடவதான புள்ள. கொட்டிட்டுப் போயிருவான்."

டிப்பரை இழுக்க ஜேசிபி வந்தது. அதுவும் அங்கேயே ஏறி நின்றது. சாரதாமணி அரிசிப் பையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை கழிவறையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை. மதியத்துக்குள் மேலே பொங்கி வந்தது. வேறு வழியில்லாமல் குடும்பமே கமலவேணி வீட்டுக்குப் படையெடுத்தது. கழிவறை வாசலில் காத்து நின்ற தம்பியை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு முள்ளங்கிக்கே அந்த ஆட்டம் ஆடினா. உன்னைய எப்படிடா சும்மா உட்டா?"

தண்டாயுதபாணி கழிவறைக் கதவை இன்னொரு முறை தட்டினார்.

கொத்தனார் தோண்டிப் பார்த்தபோது பைப்புகள் அப்பளமாக நொறுங்கியிருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டியதாயிற்று. இந்த முறை சாரதாமணி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சுற்றிலும் கம்பிவேலி போட்டாள். உள்ளே அருகம்புல் பதித்து, ஓரத்தில் கோழிக்கொண்டைச் செடிகளை வைத்தாள். ஆழமாக வேர் விடாத செடிகளாகக் கேட்டு வாங்கி வந்தவளும் அவள்தான்.

மழைக்குப் பிறகு புல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் வேலியோரம் நின்று, "அடடா, எவ்வளவு அம்சமா வெச்சிருக்கீங்க!" என்றார்கள்.

"சும்மா மண்ணாக் கெடந்துச்சுங்க. நாந்தான் புல்லு வெக்கலாம்னு சொன்னேன்" என்றார் தண்டாயுதபாணி.

சாரதாமணி காப்பித் தம்ளரை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.