அக்கரையில் எனக்கொரு கட்டில்

என் முதல் பிள்ளையை நான் கடலில்தான் பெற்றேன்.

நெடுந்தீவில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் நிறையும் முன்பே பிள்ளைத்தாய்ச்சியைப் படகில் ஏற்றி, அக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள். காற்று எழும்பினால் படகு ஓடாது. எனக்கு அக்கரையில் ஒருவரும் இல்லை. இன்னும் நாள் கிடக்கிறது என்று ஊரிலேயே இருந்துவிட்டேன். வலி எடுத்த அன்று சோளகக் காற்று சுழற்றியடித்தது. வேறு வழியில்லாமல் கணவர் தன் படகிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்குத் தெரிந்த நேரம் மகன் பிறந்தான். அவன் அழவில்லை, மூச்சும் விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. சோறு இறங்கவில்லை. என் கணவர் மீன்பிடிக்கிறவர், கடலுக்கு அஞ்சாத மனிதர். அவரே நான் சமைக்கும் குசினி வாசலில் நின்று அழுதார்.

"இன்னொருக்கா உம்மை அப்பிடி ஏத்திக்கொண்டு போக என்னாலை ஏலாது."

கலைத்துவிடுவது என்று நான் முடிவெடுத்தேன். உருவமே வராத ஒன்று, என் உடம்பு, என் விருப்பம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மற்றப் பெண்களுக்கும் அப்படியே வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் யாரோ மருந்து கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, கணவரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன். துறைக்குப் போகும் வழியில் மாதா கோவிலுக்குள் போனேன். அதைச் செபம் என்று சொல்ல முடியாது. சண்டைதான் பிடித்தேன்.

"எனக்கு ஆர் இருக்கினம்? இதை வைச்சிருக்கச் சொன்னா எனக்கொரு ஆளைக் காட்டும் அம்மா. இல்லாட்டி என்னை விட்டிடும்."

படகில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில்தான் இருத்துவார்கள். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று நான் முன்பக்கம் போய் இருந்தேன். நடுக்கடலில் ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. பலகையிலிருந்து விழுந்தேன். என் இரண்டு கைகளும் தாமாகவே வயிற்றைப் பொத்தின.

"ஐயோ, என்ரை பிள்ளை! என்ரை பிள்ளை!"

அப்படிக் கத்தியது நான்தான். அதை அழிக்கப் போய்க்கொண்டிருந்த அதே நான். வயிற்றில் இருப்பது பிள்ளை என்று எனக்கு கோவில் சுவாமியார் ஒருவரும் பிரசங்கம் வைக்கவில்லை.

முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைத் தூக்கி நடுவில் இருத்தினார். அக்கரையில் ஊர்காவற்றுறைக்காரி, பெயர் ஞானம் அக்கா. தண்ணீர் தந்து, "எங்கை தங்கச்சி, தனியப் போறீர்?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்ரை வீட்டிலை ஒரு கட்டில் சும்மா கிடக்கு. நேரத்தோடை வந்து, பெறுமட்டும் அங்கை இரும்."

நான் கேட்ட ஆள் அவர்தான். குறிகட்டுவானில் இறங்கி, அடுத்த படகிலேயே வீட்டுக்குத் திரும்பினேன். பயம் உடனே போகவில்லை. காற்று மாறும்போதெல்லாம் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தேன். ஏழாம் மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரைவழியாகவே போனோம். மகள் பிறந்து, வார்டே திரும்பிப் பார்க்க அழுதாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

இப்போது நாங்கள் ஊர்காவற்றுறையிலேயே குடியிருக்கிறோம். கருவில் இருக்கும் உயிரைக் காக்கப் பாடுபடும் எங்கள் கோவில் பங்குப் பெண்களோடு நானும் சேர்ந்திருக்கிறேன். பாவம், பாவம் என்று சொல்லிவிட்டு வருவதற்கு நாங்கள் போவதில்லை. பயந்துபோய் இருப்பவளுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கூட வர ஒரு ஆளும் வேண்டும். அது இல்லாமல் உபதேசம் பண்ணி என்ன பிரயோசனம்?

போன கிழமை, கலைக்கப் போகும் வழியில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நான் நாளைக்குப் போயிடுவன். என்னை மறிக்காதேங்கோ."

"சரி, முதல் சாப்பிடும்" என்றேன்.

இதை எழுதும்போது அவள் உள்ளறையில் தூங்குகிறாள். இன்னும் போகவில்லை. என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வழியும் இல்லை என்று நினைத்திருக்கும் சகோதரியே, கடவுள் உங்களுக்கும் ஆள் அனுப்புவார், நம்புங்கள். மற்றவர்களே, அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். இவளுக்காக இப்போதே ஒரு செபம் சொல்லுங்கள். அவள் எழும்புவதற்கு முன்பே சொல்லுங்கள்.