கோயில் வாசலில் வாங்கிய வெற்றிலை

அண்ணன் வெற்றிலை வாங்கிவிட்டான் என்று அண்ணி போனில் சொன்னபோது நான் மாமல்லபுரத்தில், பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எட்டாம் வகுப்பில் வெள்ளைக்காரக் கம்பெனி வந்த சரித்திரப் பாடத்தை முடித்திருந்தேன். விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"யார் கையால?" என்று கேட்டேன்.

"அந்த ரிசார்ட்டு மேனேஜர் கையாலதான். கூழ் ஊத்துற எடத்துல, அம்மன் வாசல்லயே வெச்சு."

போனை வைத்துவிட்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வெற்றிலை வாங்கினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்து மணலில் இறங்கினால் எங்கள் குப்பம். அங்கே அண்ணன்தான் ஊர்த் தலைவன். தலைவன் ஒரு விஷயத்துக்காகத் தட்டு வாங்கிக்கொண்டால் ஊரே சம்மதித்ததாக அர்த்தம். கல்யாணமானாலும் அடிதடியானாலும் அதோடு பேச்சு முடிந்தது. பத்திரத்தில் போட்ட கையெழுத்தைக்கூட என்னுடையது இல்லை என்று எங்கள் ஆட்கள் சாதித்துவிடுவார்கள். வாங்கிய வெற்றிலையை வாங்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ரிசார்ட் கேட்டது ஒரு கொட்டகைக்கு இடம், அவ்வளவுதான். விருந்தாளிகள் ஏறி விளையாடும் சின்னப் படகுகளை வைத்துக்கொள்ள, எங்கள் படகு ஏற்றும் மணலில் ஓரமாகக் கொஞ்சம். பஞ்சாயத்து பல மாதமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தது. இழுத்தடித்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே கரையைக் கடல் அரித்துவிட்டது. தெற்கே ரிசார்ட்டின் மதில். நடுவில் மிச்சமிருக்கும் அந்த மணலும் போனால் படகை எங்கே ஏற்றுவது?

ஆடி வெள்ளியன்று கூழ் ஊற்றும்போது மேனேஜர் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், அம்மனுக்கு ஒரு புடவை. "நம்ம கொட்டகை விஷயத்தையும் பாத்துக்குங்க தலைவரே" என்று சொல்லி எல்லார் முன்னாலும் நீட்டியிருக்கிறார். அம்மன் புடவை இருக்கும் தட்டை அவள் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லும் ஆள் எங்கள் குப்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. அந்த மனுஷனுக்கு யாரோ நன்றாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

பஸ் பிடித்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"ஒரு கொட்டா. அதுக்கு இன்னாத்துக்கு இப்டி குதிக்கிற?"

"சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரன் கேட்டதும் துணி வெக்க எடந்தான். போய்ப் பாரு, இப்ப இன்னா கீதுன்னு. மதில் கீது, பீரங்கி கீது, அவன் ஆளுங்களப் பொதச்ச கல்லறகூடக் கீது. துணி நெஞ்சவன் வூடு எங்கனா கீதா?"

"இத்தெல்லாம் பசங்களுக்குச் சொல்லு."

"செங்கல்பட்டு சீமையவே நவாப்பு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தான். ஏர் ஓட்னவன ஒரு வார்த்த கேட்டானா? நீ யாரக் கேட்ட? அந்த மணலு இன்னா, நம்ம நைனா சம்பாதிச்சு வெச்சதா?"

அண்ணன் தட்டிலேயே கை கழுவினான். "சாமி வாசல்ல நீட்டிக்கினு நிக்கிறான். என்ன இன்னா பண்ணச் சொல்ற?"

வருஷா வருஷம் வகுப்பில் நவாப்பைத் திட்டித் தீர்ப்பேன். பையன்கள் சிரிப்பார்கள். திட்டுவது சுலபம், அவர் எங்கள் வீட்டு ஆள் இல்லையே. இவன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலைக் காட்டியவன். இவன்மேல் கோபம் வந்தது, கோபத்தைவிட அதிகமாகப் பயம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் லாரி வந்து நின்றது. கொட்டகைக்கு நாலு கம்பம் போதும். அவர்களோ படகு வரிசை முழுவதையும் வளைத்துக் கம்பம் நட ஆரம்பித்தார்கள். இளவட்டங்கள் துடுப்பும் கையுமாக ஓடிவந்தார்கள். சாலையோரத்தில் ஒரு போலீஸ் ஜீப் முன்பே வந்து நின்றிருந்தது. முதல் அடி விழட்டும் என்று அது காத்திருப்பது எனக்குப் புரிந்தது. அடி விழுந்தால் பையன்கள் உள்ளே போவார்கள், வேலிக்குப் போலீஸ் காவல் வரும். பிறகு அந்தக் கம்பத்தை யாரும் தொட முடியாது.

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "தலைவர் தட்டு வாங்கிட்டாரு. உங்க ஊர் வழக்கம் அதுதானே? பேச்சு மாற மாட்டோம்னு நீங்கதானே பெருமையா சொல்வீங்க?"

பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நரம்பு புடைத்த கைகளில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவன்கூடக் கம்பத்தில் கை வைக்கவில்லை. ஊர் வாங்கிய வெற்றிலை அவர்களையும் கட்டிப்போட்டிருந்தது. ஒருவன் அண்ணனைப் பார்த்து, "அண்ணாத்த, நீ ஒரு வார்த்த சொல்லு, அத்தினியும் புடுங்கிப் போட்டுர்றோம்" என்று கெஞ்சினான். அவன் பின்னால் இன்னொருவன் துடுப்பைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டான். ஜீப்பின் கதவு திறந்தது.

"எறக்குடா" என்றான் அண்ணன். "எல்லாம் கோயிலாண்ட வாங்க. மேனேஜர் சார், நீயும் வா."

பஞ்சாயத்தில் பெண்கள் பேசக்கூடாது. வலைக் குவியல் பக்கம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். பெட்டிக்கடையிலிருந்து புது வெற்றிலையும், இன்னும் அம்மனுக்குச் சாத்தாமல் வீட்டில் இருந்த அதே புடவையும் வரவழைத்துத் தட்டில் வைத்தான். "அந்த மணலு என்னுது இல்ல. ஊரக் கேக்காம குடுத்துட்டேன். தப்பு. தட்டத் திருப்பிக் குடுக்கறேன்."

பஞ்சாயத்துக்காரர்களில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார். "தலைவன் வார்த்த மாறினா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

தெரியாமல் என்ன? வார்த்தை தவறிய எத்தனையோ பேரை அவனே ஊர் முன்னால் விழ வைத்திருக்கிறான். தலைவனே தவறினால் விழுந்து எழுவதோடு முடியாது, தலைமையும் போய்விடும். திரும்பக் கிடைக்காது.

மேனேஜர் கை நீட்டவில்லை. அவர் காலடியில் தட்டை வைத்துவிட்டு அண்ணன் ஊரைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக மணலில் விழுந்தான். அவன் கண்ணெதிரே பிறந்து வளர்ந்த பையன்களும் அந்த வட்டத்தில் நின்றார்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. வாய்விட்டு அழுதேன்.

தட்டு திரும்பிவிட்டதால் பையன்கள் கரைக்குப் போய்த் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, யார்மேலும் கை படாமல், கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாலையோரம் அடுக்கினார்கள். ஜீப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. "பேப்பர்ல பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். செங்கல்பட்டிலிருந்து ஏதாவது ஒரு காகிதத்தோடு அவர் நிச்சயம் வருவார். காகிதம் என்றால் எதிர்த்து நிற்கலாம். வெற்றிலையை எதிர்த்து நிற்க எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் தெருவில் இரண்டு பேர் ஏதோ தகராறோடு ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பழக்க தோஷத்தில் எங்கள் வாசல்வரை வந்துவிட்டார்கள். அண்ணனும் பழக்க தோஷத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, பஞ்சாயத்து மூத்தவர் வீடு இருக்கும் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.