பட்டம் போன ராஜாவுக்கு ஒரு கடிதம்

1. இனிஷியல் இல்லாத ராஜா

எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தேன். வகுப்பு போக மீதி நேரத்தில் ஜாப் டைப்பிங். மனு, பத்திரம், வேலைக்கு விண்ணப்பம், இவைதான் வரும். ஒரு மத்தியானம் அரிசி மில் ஃபிட்டர் ஏகாம்பரம் வந்தார். கையெல்லாம் கிரீஸ். எதன் மேலும் பட்டுவிடாமல் ஒதுங்கி நின்றார்.

"டீச்சரம்மா, இங்கிலீஸ்ல ஒரு லெட்டர் அடிக்கணும்."

"யாருக்கு?"

"ராஜாவுக்கு."

"இனிஷியல் சொல்லுங்க."

"இனிஷியலா? வெளிநாட்டு ராஜாம்மா, நாட்ட ஆள்றவரு! அடுத்த மாசம் அவருக்குப் பொறந்த நாளு. பேப்பர்ல போட்டுக்கீது."

வாழ்த்து அனுப்பினால் பதில் வரும், பதிலில் ராஜா கையெழுத்துப் போட்டிருப்பார், அதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எதற்கு என்று கேட்டேன்.

"ராஜான்னாலும் பேனா புடிச்சித்தான எய்தணும்? அந்தக் கை எப்டி ஓடுதுன்னு பாக்கணும்."

கைப்பழக்கத்தில் 'டியர் சார்' என்று அடித்துவிட்டு, ஷீட்டை உருவிக் கசக்கினேன். என்னிடம் இருந்த கமர்ஷியல் கரஸ்பாண்டன்ஸ் புத்தகத்தில் ராஜாவை எப்படி விளிப்பது என்று இல்லை. கிளை நூலகத்தில் தேடிப் பார்த்து 'யுவர் மெஜஸ்டி' என்று ஆரம்பித்தோம்.

2. பதில்கள்

பதில் வந்தது. தடித்த காகிதம், மேலே அரண்மனை முத்திரை, கீழே நீல மையில் கையெழுத்து. அதன் பிறகு ஏகாம்பரம் நிற்கவில்லை. ராஜாக்கள், ராணிகள், ஜனாதிபதிகள் என்று வருஷம் முழுக்க யாருக்காவது அடித்துக்கொண்டே இருந்தோம். சில இடங்களிலிருந்து பதிலே வராது. சிலர் செக்ரட்டரியின் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் மனைவி மல்லிகா என்னிடம் வந்து புலம்புவாள். "மழ பேஞ்சா கூர ஒய்வுது டீச்சரம்மா. இந்த மனுசன் ராஜாங்கள வெச்சிகினு குந்திகினு கீறாரு." ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிளாஸ்டிக் உறை தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

எல்லோரிலும் ஒரு ராஜாவை ஏகாம்பரத்துக்கு ரொம்பப் பிடிக்கும். கடலோரத்தில் ஒரு சின்ன நாடு. அவர் மட்டும் டைப் அடித்த வரிகளுக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்ப்பார். ஒரு வருஷம், 'உங்கள் மில்லில் என்ன தானியம் அரைக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தார். அந்த வாரம் ஏகாம்பரம் மில்லில் யாரையும் வேலை பார்க்க விடவில்லை என்று கேள்வி.

3. விளிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராஜா வேறொரு நாட்டில் அடைக்கலம் புகுந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். அதே கோடையில் இங்கே அரிசி மில்லும் மூடப்பட்டது. முதலாளியின் மகன்களுக்குள் பாகத் தகராறு. ஏகாம்பரம் வேலை தேடி தினமும் வாலாஜாபாத் பஸ் ஏறினார்.

ராஜாவின் பிறந்தநாள் நெருங்கியதும் என் மாடிக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"லெட்டர் அடிக்கணும் டீச்சரம்மா."

விலாசம் தெரியாது. அடைக்கலம் கொடுத்த நாட்டின் வெளியுறவு அலுவலகத்துக்கு அனுப்பி, அவரிடம் சேர்க்கும்படி கேட்கலாம் என்று முடிவு செய்தோம். பேப்பரை ரோலரில் ஏற்றிய பிறகு என் கை நின்றது.

"அவர் இப்ப ராஜா இல்லையே. என்னன்னு போடறது? மிஸ்டர்னு போடட்டுமா?"

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னா டீச்சரம்மா இப்டி கேக்கற? மில்ல மூட்டானுங்க. அதனால நான் ஃபிட்டர் இல்லன்னு பூடுமா? எப்பவும் போல போடு."

யுவர் மெஜஸ்டி என்று அடித்தேன்.

4. முத்திரை இல்லாத கடிதம்

மாதங்கள் கழித்து ஓர் ஏர்மெயில் கவர் வந்தது. முத்திரை இல்லை, டைப்பும் இல்லை. முழுக்கக் கையால் எழுதியது. ஏகாம்பரமும் மல்லிகாவும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

'டைப் அடிக்க இப்போது என்னிடம் ஆள் இல்லை. மன்னிக்கவும். இந்த ஆண்டு பழைய பட்டத்தோடு எனக்கு வந்த ஒரே வாழ்த்து உங்களுடையது. இனி என் கையெழுத்து உங்கள் சேகரிப்பில் சேருமா என்று தெரியவில்லை.'

மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்யா. வேல பூட்டா ராஜாவுக்கும் இப்டித்தான் கீது போல. ஒடனே எய்து. ஒனக்கும் வேல இல்லன்னு சொல்லு, அவருக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"சேரும்னு அடி டீச்சரம்மா," என்றார் ஏகாம்பரம். "அத மொதல்ல அடி."

மில் மூடிய கதையையும் எழுதினோம். அடுத்த வருஷம் வாலாஜாபாத்தில் ஒரு மில்லில் அவருக்கு ஃபிட்டர் வேலை கிடைத்தது. அந்தச் செய்தியையும் அனுப்பினோம். இந்தத் தடவை வாழ்த்து அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு ஃபிட்டருக்கு வேலை கிடைத்ததற்காக ஒரு ராஜா தன் கையால் எழுதிய வாழ்த்து.

கடிதத்தில் விளிப்பு என்பது மார்ஜின் விட்டு அடிக்கிற ஒரு சம்பிரதாய வரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகு வேலை போனவர்களுக்கு, ரிட்டயர் ஆனவர்களுக்கு, ஊரைவிட்டுப் போனவர்களுக்கு என்று எத்தனையோ கடிதங்கள் அடித்தேன். அனுப்புகிறவர்களிடம் முதலில் ஒன்றைக் கேட்பேன்: "அவங்களை எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்க?" அதைத்தான் முதல் வரியில் அடிப்பேன்.