இன்னும் கொஞ்சம் கீழ

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போறதில்ல. நடந்தது எனக்கு. நடந்த இடம், பதினொரு வருஷமா நான் வேலை பார்க்கிற பல் ஸ்கேன் சென்டர். ராத்திரி கூட இல்ல, பட்டப்பகல். படம் எடுத்த நேரம் இன்னமும் கம்ப்யூட்டர்ல பதிவா இருக்கு. மதியம் 1:58.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பேய்ங்கிறது எங்க தொழில்ல சாதாரண வார்த்தை. கம்மலைக் கழட்டாம படம் எடுத்தா அதோட நிழல் மறுபக்கம் பொய்யா விழும். அதுக்கு நாங்க வச்ச பேரு பேய். "பேய் விழுந்திருக்கு, மறுபடி எடு"ன்னு வாயில சோத்தை வச்சுக்கிட்டே சொல்றவ நான். பயந்தாங்கொள்ளின்னு என்னை யாரும் சொன்னதில்ல. வாயாடின்னு சொல்வாங்க. அது உண்மைதான்.

என் வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான் மிச்சம் புரியும். நம்ம வாயோட மேல்கூரை ஒரே எலும்பு இல்ல. இடது வலதுன்னு ரெண்டு பாதி. நடுவுல ஒரு கோடு இருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு அது தெளிவா தெரியும். வயசு ஏற ஏற நெளியும், அங்கங்க விட்டுப்போகும், கடைசியில எலும்பு ஒண்ணா சேர்ந்து கோடே மறைஞ்சிடும். வாய் குறுகலா இருக்கிற பிள்ளைங்களுக்குக் கிளிப் போடுற டாக்டர் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். சேர்ந்துடுச்சா, சேரலையா? சேரலைன்னா மேல்பல்லுல ஒரு சின்ன திருகாணி. வீட்டுல அம்மாவோ அப்பாவோ தினம் ஒரு தடவை திருகினா போதும், தானா விரியும். சேர்ந்துடுச்சுன்னா மயக்க மருந்து குடுத்து எலும்பை அறுக்கணும். ரெண்டுல எதுன்னு படத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுறவ நான்.

அன்னிக்குப் படம் எடுக்கிறவர் லீவு. முன்மேஜையில உட்கார்ற அக்கா சாப்பிடப் போயிட்டாங்க. அவங்க சத்தமான குரலுக்காக அவங்களுக்கு நாங்க வச்ச பேரு மைக். மைக் இல்லாத சென்டர் ரொம்ப அமைதியா இருக்கும். கதவைத் திறந்தா மட்டும் மேல கட்டியிருக்கிற மணி அடிக்கும்.

1:52க்கு மணி அடிச்சுது.

ஒரு பொண்ணு. பதிமூணு வயசு இருக்கலாம். பள்ளிக்கூடப் பை இல்ல. ஒரு கையால வாயை மூடிக்கிட்டு நின்னா.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"அப்பா வண்டி நிறுத்துறார்."

எனக்குக் கோபம். சாப்பாட்டு நேரத்துல வந்தா யாருக்குத்தான் வராது. ஆனா அவ நீட்டின சீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் இளகிட்டேன். எங்க சென்டர் சீட்டுதான், மடிச்சு மடிச்சு துணி மாதிரி ஆயிருந்துச்சு. நம்பரைத் தட்டினேன். பேரும் வயசும் தானா வந்துச்சு. 13. ஏற்கனவே வந்த பொண்ணு. போன தடவை படம் சரியா விழல போலன்னு நினைச்சுக்கிட்டேன். தேதியைப் பார்க்கல. பார்த்திருக்கணும்.

"ஆபரேஷன் பண்ணிடுவாங்களா?"ன்னு கேட்டா.

"எலும்பு சேர்ந்திருந்தாதான். முதல்ல பார்ப்போம். பயமா இருக்கா?"

ஆமான்னு தலையாட்டினா. கையை மட்டும் வாயிலேருந்து எடுக்கல.

மெஷின்ல நிறுத்தினேன். தாடையை வைக்கச் சொன்னேன். கடிக்கிற குச்சிக்குப் புது உறை போட்டு, கடிச்சுக்கோன்னேன். அப்பத்தான் கையை எடுத்தா. நான் கதவை மூடிட்டு வெளிய வந்து கண்ணாடி வழியா பார்த்தேன்.

"ஆடாத. எச்சில் முழுங்காத. பதினாலு செகண்டுதான்."

மெஷின் அவ தலையைச் சுத்தி வந்துச்சு. ங்ங்ங்... டக்.

1:58.

படம் திரையில வந்ததும் முதல்ல எனக்குச் சந்தோஷம். அவ்வளவு துல்லியம். பிள்ளைங்க படத்துல எப்பவும் ஒரு கலங்கல் இருக்கும். மூச்சு விடுவாங்க, எச்சில் முழுங்குவாங்க, எதுவுமே இல்லைன்னாலும் நாடி துடிக்கும். இதுல ஒரு துளி கலங்கல் இல்ல. இந்த மாதிரி ஒரு படத்தை நான் முன்னாடி ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்.

படிக்கிற காலத்துல. மேஜை மேல வச்சு எடுத்த மண்டை ஓடு.

 மெஷின் அன்னிக்கு நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

வழக்கம்போல நடுவுல ஒரு வெட்டு வச்சு, அதாவது படத்தைக் கிடையா அறுத்த மாதிரி ஒரே ஒரு அடுக்கை மட்டும் பார்த்தேன். கோடு இல்ல. வெள்ளையா, ஒரே எலும்பு. பாவமா இருந்துச்சு.

"சேர்ந்துடுச்சு போலம்மா."

"இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க."

குரல் என் தோளுக்குப் பின்னால. அவ மெஷின் ரூம்லேருந்து எப்ப வந்தா? அந்தக் கதவு கீச்சுன்னு கத்தும். கத்தல.

நான் திரும்பல. ஏன்னு தெரியல... திரும்ப முடியல.

மவுஸை உருட்டினேன். ஒரு மில்லிமீட்டர்.

"இன்னும் கொஞ்சம்."

உருட்டினேன்.

கோடு.

முன்னாலேருந்து பின்னால வரைக்கும், கறுப்பா, நெளிவே இல்லாம. மேல்தாடை குடை மாதிரி வளைஞ்சிருந்தா ஒரே வெட்டுல கோடு சிக்காது. ரெண்டு மூணு வெட்டு பார்க்கணும். எனக்குத் தெரியும். அவசரத்துல பார்க்கிறதில்ல.

"சேரலம்மா"ன்னேன். "ஆபரேஷன் வேணாம். திருகாணியே போதும்."

"எழுதுங்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கிளிப் டாக்டருக்குத் தானா போயிடும்.

"போயிடுச்சு, சரியா?"



திரையோட கறுப்பு ஓரத்துல பின்னால நிக்கிறவங்க நிழல் தெரியும், அதுல பார்த்தேன். நான் மட்டும்.

திரும்பினேன். யாருமில்ல. மணி 2:04. வாசல் மணி அடிக்கவே இல்ல.

மெஷின் ரூமுக்குப் போனேன். குச்சியில உறை அப்படியே இருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன்...

பல் தடம் இல்ல.

ஈரம் இல்ல.

மைக் 2:30க்கு வந்தாங்க. "என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?"ன்னாங்க. வழக்கமா நான் திருப்பிக் குடுத்திருப்பேன். அன்னிக்கு வாய் வரல. வாசல்ல வண்டி ஏதாவது நின்னுச்சான்னு கேட்டேன். இல்லைன்னாங்க.

4:20க்குக் கிளிப் டாக்டர் போன் பண்ணார்.

"மேடம், யாரோட ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கீங்க?"

பேரைச் சொன்னேன்.

"விளையாடாதீங்க மேடம். அந்தப் பொண்ணு இறந்து ஒரு வருஷமாச்சு."



"எப்படி..."

"மயக்க மருந்து குடுத்தாங்க. எழுந்திருக்கல."

"எதுக்கு ஆபரேஷன் பண்ணீங்க? அவளுக்குச் சேரவே இல்லையே."

அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ காகிதத்தைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"சேர்ந்துடுச்சுன்னு எழுதினது நீங்கதானே மேடம்."

பழைய ஃபைலைத் திறந்தேன். பதினாலு மாசம் முந்தின தேதி. என் கையெழுத்து. ஒரே ஒரு வெட்டு பார்த்து, ஒரு வரி எழுதியிருக்கேன். படம் எடுத்த நேரத்துக்கும் ரிப்போர்ட் போன நேரத்துக்கும் நடுவுல மூணு நிமிஷம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தேன். அந்த வயசுல பதினாலு மாசத்துல பல்லெல்லாம் எவ்வளவோ நகரும். ஒரு மயிரிழை கூட நகரல. பழைய படத்துல மவுஸைக் கீழ உருட்டினேன். கோடு அங்கயும் இருந்துச்சு. முதல்லேருந்தே இருந்திருக்கு.

அழுதேன். அழுது என்ன ஆகப் போகுது.

மறுநாள்லேருந்து சாப்பாட்டு நேரத்துல பழைய ஃபைலா திறந்து பார்க்கிறேன். நான் சேர்ந்துடுச்சுன்னு எழுதினது எல்லாத்தையும். ஒவ்வொண்ணுலயும் இன்னும் கொஞ்சம் கீழ. இதுவரைக்கும் ஏழு பேருக்குச் சேரவே இல்ல. ஏழு பேர் வீட்டுக்கும் போன் பண்ணேன். ரெண்டு பேருக்கு ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தாங்க, நிறுத்தச் சொல்லிட்டேன். நாலு பேருக்கு முடிஞ்சிருந்துச்சு. நல்லா இருக்காங்கன்னு சொன்னாங்க. நன்றி வேற சொன்னாங்க.

ஏழாவது நம்பரை யாரும் எடுக்கல. அதுவும் ஒரு பொண்ணு. பதினஞ்சு வயசு. தினம் பண்றேன். அடிச்சு அடிச்சு நிக்குது.

நேத்து மைக் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் அந்த ஏழாவது ஃபைலைத்தான் திறந்து வச்சிருந்தேன்.

1:52.

வாசல் மணி அடிச்சுது.

நான் தலையைத் தூக்கிப் பார்க்கல.

"உட்காரும்மா"ன்னேன். "இந்தத் தடவை நிதானமா பார்க்கிறேன்."